பசு இறங்கிய பக்கம்

தென்காசியில் ஒரு பெண் பகலெல்லாம் பல் பிடுங்கினார், மிச்ச நேரத்தில் சிரிப்புக் கதை எழுதினார். பெயர் உலகம்மாள். கோயிலுக்குத் தெற்கே ஒரு சின்னக் கட்டடத்தில் அவருடைய பல் மருத்துவமனை இருந்தது. அவருடைய நாவல்களில் யாரும் சாவதில்லை. யாரும் திருந்துவதும் இல்லை. வாசிப்பவர்கள் பேருந்தில் தனியாகச் சிரித்துப் பக்கத்து இருக்கைக்காரரைப் பயமுறுத்தினார்கள்.

ஒரு பங்குனி மாதத்து வெயிலில் திருநெல்வேலியிலிருந்து பேராசிரியர் கோமதிநாயகம் அவரைத் தேடி வந்தார். கல்லூரியில் அவர் மெய்யியல் துறைத் தலைவர். அந்தத் துறையில் அவரைத் தவிர வேறு ஆசிரியர் கிடையாது. மாணவர்களும் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தார்கள். இந்த வருடமும் ஆள் சேராவிட்டால் துறையை மூடிவிடுவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது.

கோமதிநாயகம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எந்தத் துறை மாணவரும் விரும்பி எடுக்கக்கூடிய ஒரு புதிய தாள். அதற்குப் பாடநூல், உலகம்மாள் எழுதிய 'இரண்டாம் மாடிப் பசு'.

அந்த நாவலின் கதை இவ்வளவுதான். சுப்பையா என்பவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் வீடு வாங்குகிறார். கிரகப்பிரவேசத்துக்குப் பசுவை மாடியேற்றுகிறார்கள். பசு ஏறிவிடுகிறது. இறங்க மாட்டேன் என்கிறது. மாதக்கணக்கில் அங்கேயே இருக்கிறது. அதை இறக்க ஆளாளுக்குப் பாடுபடுகிறார்கள். கடைசியில் ஒருநாள் இறங்குகிறது.

டோக்கன் இல்லாமல் டாக்டரைப் பார்க்க முடியாது என்று வரவேற்பில் இருந்த மாரிச்செல்வி சொன்னாள். கோமதிநாயகம் டோக்கன் வாங்கிக்கொண்டு, முறை வந்ததும் உள்ளே போனார்.

"நான் பல்லுக்காக வரல டாக்டர். பசுவுக்காக வந்திருக்கேன்."

உலகம்மாள் நாற்காலியைக் காட்டினார். "படுத்துக்கிட்டே சொல்லுங்க சார்."

படுத்துக்கொண்டு தத்துவம் பேசுவது கோமதிநாயகத்துக்குப் புதிது. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. ஆனாலும் ஆரம்பித்தார்.

"சைவ சித்தாந்தத்துல பொருள் மூணு. பதி, பசு, பாசம். பதி கடவுள். பசு உயிர். பாசம் அந்த உயிரைக் கட்டி வச்சிருக்கிற கயிறு. உங்க கதையில பசு இருக்கு. அது கழுத்துல கயிறு இருக்கு. கீழே கேட்டைத் திறந்து வச்சுக்கிட்டு வாட்ச்மேன் காத்திருக்கார். அவர்தான் பதி."

"வாட்ச்மேனா?"

"வாட்ச்மேனேதான். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆணவம்."

"அவரைத் தெரிஞ்சவங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றார் உலகம்மாள்.

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பாடத்திட்டக் குழு கூடுது. தமிழ்த்துறைத் தலைவர் திருமலையப்பன், சிரிப்புக் கதையைப் பாடமா வைக்கவே கூடாதுன்னு நிக்கறார். அவர் வேண்டாம்னா மத்தவங்களும் வேண்டாம்னுதான் சொல்வாங்க. ஆசிரியர் ஒரு வார்த்தை சொல்லிட்டா அவர் வாயை அடைச்சிரலாம். அதுக்குத்தான் வந்தேன். நான் சொன்னதையெல்லாம் நினைச்சுத்தானே எழுதினீங்க?"

"வாயைத் திறங்க."

திறந்தார். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு உலகம்மாள் பொறுமையாகப் பார்த்தார்.

"மேல்வரிசை நல்லாத் தேஞ்சிருக்கு. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்க."

வீட்டிலும் அதைச் சொல்வார்கள். அதைச் சொல்ல முடியாதபடி கன்னத்துக்குள் பஞ்சை வைத்துவிட்டார் டாக்டர். வைத்துவிட்டுக் கேட்டார்.

"என் கதையை வாசிக்கும்போது எந்த இடத்துல சிரிச்சீங்க?"

கோமதிநாயகம் பஞ்சைக் காட்டினார். உலகம்மாள் எடுத்துவிட்டார்.

"இப்பச் சொல்லுங்க."

அவர் அடிக்கோடு போட்ட இடமெல்லாம் பக்கம் பக்கமாக நினைவுக்கு வந்தது. ஓரத்தில் எழுதிய குறிப்புகள் வந்தன. சிரித்த இடம் என்று ஒன்று வரவே இல்லை.

"சிரிப்பு மேல் பூச்சுதானே டாக்டர்? அதை எடுத்துட்டு உள்ளே இருக்கிறதைத்தானே பார்க்கணும்?" என்றார்.

"பல்லுக்கும் மேலே ஒரு பூச்சு இருக்கு. எனாமல். மேலே இருக்கிறதுதானேன்னு சுரண்டி எடுத்துட்டா உள்ளே இருக்கிறது என்ன ஆகும்?"

"கூசும்."

"அப்புறம்?"

"தெரியல."

"செத்துப்போகும்."

நாற்காலியை நிமிர்த்திவிட்டு உலகம்மாள் கையுறையைக் கழற்றினார். "வெளியே கொஞ்சப் பேர் பல்வலியோட உட்கார்ந்திருக்காங்க. பசு இறங்குற பக்கத்தை அவங்களுக்கு வாசிச்சுக் காட்டுங்க."

"அவங்களுக்கா? நான் குழுவுக்கில்ல பேசணும்?"

"நாளைக்கு உங்க முன்னாடி உட்காரப்போறவங்களும் இதே முகத்தோடதான் உட்காருவாங்க சார்."

கோமதிநாயகத்துக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்து ஒரு வார்த்தை கேட்டால், பல் நோயாளிகளுக்குக் கதை வாசிக்கச் சொல்கிறாரே என்று இருந்தது. ஆனாலும் வேறு வழி இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஒரு பக்கம் வீங்கிய கன்னத்தோடு பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். சுரண்டையிலிருந்து வந்த ஒரு அம்மாவும் அவருடைய மகளும் இருந்தார்கள். இன்னும் இரண்டு மூன்று பேர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்கள்.

கோமதிநாயகம் தொண்டையைச் செருமினார். முதலில் பசு என்பது எதைக் குறிக்கிறது என்று விளக்கினார். அப்புறம் மாடி எதைக் குறிக்கிறது என்று விளக்கினார். கயிற்றுக்கு வந்தபோது கண்டக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மாரிச்செல்வியிடம் கேட்டார்.

"ஏம்மா, மரத்துப்போறதுக்கு ஊசிக்குப் பதிலா இதைத்தான் போடுறீங்களா?"

உள்ளேயிருந்து உலகம்மாளின் குரல் வந்தது. "உரையை விட்டுருங்க சார். மூலத்தை மட்டும் வாசிங்க."

கோமதிநாயகத்தின் காதோரம் சிவந்தது. புத்தகத்தைப் பிரித்து, விளக்கம் ஏதும் இல்லாமல் வாசிக்க ஆரம்பித்தார்.

"பசுவைக் கீழே இறக்க நல்ல நேரம் பார்த்துச் சொல்லும்படி சுப்பையா, கிரகப்பிரவேசம் நடத்திவைத்த அய்யரைக் கேட்டார். அய்யர் வெகுநேரம் யோசித்தார். 'கிரகத்துக்குள்ள பிரவேசிக்கறதுக்குத்தான் முகூர்த்தம் இருக்கு. கிரகத்தை விட்டுக் கிளம்பறதுக்கு சாஸ்திரத்துல ஒரே ஒரு சடங்குதான் இருக்கு. அதைப் பண்ணணும்னா முதல்ல வீட்டுக்காரர் ஒத்துழைக்கணும்' என்றார்."

சுரண்டை அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மகள், "என்னம்மா?" என்றாள். "வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாத்தானட்டி அந்தச் சடங்கு" என்றார் அம்மா. அப்போதுதான் கண்டக்டருக்குப் புரிந்தது. சிரித்தார். வலித்தது. வலிக்கிறதே என்று கையால் கன்னத்தை அழுத்திக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

இந்த வரிக்கு எதிரே கோமதிநாயகம் ஓரத்தில் 'உடல் நிலையாமை' என்று எழுதி வைத்திருந்தார். கண்டக்டர் படும் பாட்டைப் பார்த்ததும் அவருடைய உதடு தன்னால் கோணியது. சமாளித்துக்கொண்டு மேலே வாசித்தார்.

"ஐந்து பேர் கீழ்ப்படியில் நின்று கயிற்றைப் பிடித்தார்கள். பின்னால் நின்று தள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. எல்லோரும் சங்கச் செயலாளரைப் பார்த்தார்கள். 'செயலாளர் எதற்கும் பின்னால் நிற்க விதிகளில் இடமில்லை' என்று சொல்லிவிட்டு, அவர் பசுவுக்கு நேர் முன்னால் போய் நின்றுகொண்டார். 'நான் மூன்று என்றதும் எல்லோரும் இழுக்க வேண்டும். ஒன்று' என்றார். பசு அவரைப் பார்த்தது. 'இரண்டு' என்றார். பசு நாக்கை நீட்டி அவருடைய மீசையை ஒரு நக்கு நக்கியது. இருபது வருடமாகக் குடியிருப்பே கறுப்பு என்று நம்பியிருந்த மீசையில் வலது பாதி வெள்ளையாகிவிட்டது. செயலாளருக்கு அது தெரியாது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு..."

அடுத்த சொல்லை அவரால் வாசிக்க முடியவில்லை.

வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ கிளம்பி வந்தது. இருமல் என்று நினைத்தார். அது இருமல் இல்லை. இந்தப் பக்கத்தை எத்தனை முறை வாசித்திருப்பார், ஒரு தடவைகூட அந்த மீசையைப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக அந்த மனிதர் படியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

"அப்புறம் என்ன சொன்னான் சார்?" என்றார் கண்டக்டர்.

"மூணு" என்றார் கோமதிநாயகம். அதைச் சொல்லவே பெரும்பாடு பட்டார்.

அறை முழுக்கச் சிரித்தது. சுவரில் சாய்ந்திருந்தவர்கள் கண்ணைத் திறந்துவிட்டார்கள். மாரிச்செல்வி டோக்கன் கூப்பிட மறந்துபோனாள். கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சத்தையும் வாசித்தார். கயிற்றைப் பிடித்திருந்த ஐந்து பேரும் சிரிப்புத் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டதை வாசித்தார். இழுக்க ஆளில்லை என்று கண்ட பசு, கயிறு தரையில் புரள ஒவ்வொரு படியாக இறங்கிப் போனதை வாசித்தார். தான் மூன்று சொன்னதால்தான் பசு இறங்கியது என்று செயலாளர் ஆண்டறிக்கையில் எழுதிக்கொண்டதை வாசிக்கும்போது அவருடைய குரல் கிறீச்சென்று போயிற்று. புத்தகம் கையிலிருந்து நழுவிக் கண்டக்டரின் காலடியில் விழுந்தது.

உலகம்மாள் கதவருகே நின்றிருந்தார்.

"கயிறு எந்த இடத்துல அறுந்துது சார்?"

இதற்குக் கோமதிநாயகத்திடம் விடை தயாராக இருந்தது. கடைசிப் பத்திக்கு எதிரே 'அருளால் பாசம் அறுந்தது' என்று எழுதி, இரண்டு கோடு வேறு போட்டிருந்தார். அதைச் சொல்ல வாயைத் திறந்தார். திறந்தவர், இப்போதுதான் வாசித்த வரியை நினைத்துப் பார்த்தார்.

"அறுக்கவே இல்லையே" என்றார் மெதுவாக. "கையை விட்டுட்டாங்க."

"ஏன் விட்டாங்க?"

கோமதிநாயகம் குனிந்து தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்தார்.

"அடுத்த டோக்கன்" என்றார் உலகம்மாள்.

மறுநாள் குழு கூடியது. மின்விசிறி சுற்றியும் வேர்த்தது. திருமலையப்பன் தலைவர் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் அவர் வகுப்பில் பேனாவைக்கூடச் சத்தமில்லாமல் திறப்பார்கள். தப்பான மேற்கோளுக்கு மதிப்பெண் போட்டதில்லை என்று அவருக்குப் பெயர்.

"சொல்லும் கோமதிநாயகம்" என்றார் அவர். "மெய்யியல் தாளுக்குச் சிரிப்புக் கதை எதுக்கு? பிள்ளைங்க வாசிப்பாங்க, சிரிப்பாங்க, மறந்துருவாங்க. அதுக்குக் கல்லூரி எதுக்கு?"

கோமதிநாயகத்தின் பையில் கட்டுரை இருந்தது. பதி, பசு, பாசம் என்று தலைப்பிட்டு, இரவெல்லாம் விழித்து முந்தின வாரம் எழுதியது. அவர் கை பைக்குள் போயிற்று. கட்டுரையைத் தொட்டது. அதைத் தாண்டிப் போய் நாவலை எடுத்தது.

"ஐயா, மூணு பக்கம் வாசிக்கிறேன். அப்புறம் நீங்க என்ன முடிவு செஞ்சாலும் சரி."

"விளக்கம்?"

"விளக்கம் இல்லைங்க."

வாசித்தார். ஆரம்பத்தில் அவர் குரல் மட்டும்தான் கேட்டது. இந்தத் துறையை இந்த மூன்று பக்கத்தை நம்பி விட்டுவிட்டோமே என்று ஒரு கணம் பயந்தார். அய்யரின் பேச்சு வந்தபோது, ஓரத்தில் இருந்த வேதியியல் பேராசிரியை மூக்கால் ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். திருமலையப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

செயலாளர் 'இரண்டு' என்று சொன்ன இடத்தில் திருமலையப்பனின் தோள் லேசாக அசைந்தது. மீசை வெளுத்தபோது மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். 'மூன்று' வந்தபோது மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்தக் கல்லூரியில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. எழுத்தர் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார். திருமலையப்பனுக்கு அது தேவைப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அந்த அய்யர் சொன்னதை இன்னொரு தடவை வாசியும்."

கோமதிநாயகம் வாசித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு ஒரே ஒரு சடங்குதான்" என்று திருமலையப்பன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போன ஐப்பசியில்தான் அவர் தம்பி தவறியிருந்தார். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

பிறகு நிமிர்ந்தார். "சரி, அந்தக் கயிறு. அதை ஏன் ஒருத்தனும் முன்னாடியே விடல?"

"விட்டா மாடு ஓடிரும்னு பயந்திருப்பாங்க" என்றார் வேதியியல் பேராசிரியை.

"எங்கே ஓடும்? கீழேதானே?"

"கீழே போகத்தானே எல்லாரும் இழுத்தாங்க?" என்றார் வணிகவியல் பேராசிரியர். சொல்லிவிட்டு, சொன்னதை நினைத்துத் தானே திகைத்துப்போனார்.

பேச்சு பற்றிக்கொண்டது. பத்து வருடமாக மெய்யியல் துறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் உயிரைப் பற்றியும் அதைக் கட்டியிருக்கிற கயிற்றைப் பற்றியும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுப் பேசினார்கள். மதியச் சாப்பாடு ஆறியது. கோமதிநாயகம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை. தன் துறை தன் கண்முன்னால் எழுந்து நடப்பதை நாற்காலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தாள் நிறைவேறியது. எதிர்த்து ஒரு கை இல்லை. கலைந்து போகும்போது திருமலையப்பன் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இந்தத் தாள்ல எனக்கு ஒரு வகுப்புக் கொடும்."

"நீங்களா ஐயா?"

"வாசிக்க மட்டும். உம்ம குரல் மூணாவது எண்ணுக்கு வரும்போது உடையுது. நான் நல்லா வாசிப்பேன்."

ஆனியில் கல்லூரி திறந்தது. புதிய தாளுக்கு வந்த கூட்டத்தை வகுப்பறை தாங்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து பெஞ்சு தூக்கி வந்து போட்டார்கள். அப்படியும் ஜன்னலோரம் நின்றுகொண்டு சிலர் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒன்பது பேர் மெய்யியலையே முதன்மைப் பாடமாக எடுக்க மனுப் போட்டார்கள். மூடும் பேச்சை நிர்வாகம் அப்புறம் எடுக்கவில்லை.

சாரல் விழுந்த ஒரு சனிக்கிழமை கோமதிநாயகம் மறுபடியும் தென்காசிக்கு வந்தார். டோக்கன் வாங்கினார். முறை வந்ததும் உள்ளே போய், யாரும் சொல்லாமலே நாற்காலியில் படுத்துக்கொண்டார். கையில் ஒரு பொட்டலம் இருந்தது.

"என்ன சார் அது?"

"திருநெல்வேலி அல்வா."

"பல் டாக்டருக்கு அல்வாவா? நல்ல யோசனை. ஊர் முழுக்கக் கொடுங்க, என் தொழில் நல்லா நடக்கும்."

இந்தத் தடவை கோமதிநாயகம் சிரித்தார். நாற்காலியே ஆடியது. உலகம்மாள் அவர் வாயைப் பார்த்தார்.

"பல் கடிக்கிறது நின்னிருக்குபோல."

"வீட்டுல நிம்மதியாத் தூங்கறாங்க."

குழுவில் நடந்ததைச் சொன்னார். பெஞ்சு தூக்கி வந்ததைச் சொன்னார். உலகம்மாள் இடையில் பேசாமல் கேட்டார். எல்லாம் சொல்லி முடித்தபிறகும் கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஏதோ இருக்கு" என்றார் உலகம்மாள்.

"திருமலையப்பன் ஐயா போன வாரம் என் அறைக்கு ஓடி வந்தார், டாக்டர். ராத்திரி வாசிக்கும்போது கண்டுபிடிச்சாராம். மாடிக்குப் பதினெட்டுப் படின்னு ஒரு இடத்துல போகிற போக்குல எழுதியிருக்கீங்க. இரண்டு மாடி. பதினெட்டும் பதினெட்டும் முப்பத்தாறு. சித்தாந்தத்துல தத்துவங்களும் சரியா முப்பத்தாறு. உயிர் அத்தனையையும் கடந்துதான் விடுதலைக்குப் போகணும். எனக்கு அது கண்ணுல படவே இல்லை. நானும் புத்தகத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி."

"ம்."

"குழு முடிஞ்சுபோச்சு. இனிமே யாரையும் ஜெயிக்கிறதுக்காகக் கேட்கல. அந்த முப்பத்தாறு தெரிஞ்சுதான் வச்சீங்களா?"

உலகம்மாள் விளக்கை அணைத்தார்.

"அவர் எண்ணினார்."

"ஆமா."

"நீங்களும் எண்ணினீங்க."

"எண்ணினேன்."

"பசு எண்ணுச்சா சார்?"

வெளியே சாரல் ஜன்னல் கண்ணாடியை நனைத்துக்கொண்டிருந்தது.

"எண்ணியிருந்தா" என்றார் உலகம்மாள், "இன்னைக்கும் மாடியிலதான் நின்னுக்கிட்டு இருக்கும்."